சுவருக்கு மேலால் வந்த சத்தம்

என் வாயைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "நாகலெட்சுமியா? ஆத்தாடி, அவ வாய்க்குப் பூட்டுப் போட இனிமேத்தான் ஒருத்தன் பொறக்கணும்" என்பார்கள். கொழுந்தில் முற்றல் இலை கிடக்கிறது என்று கங்காணி சொன்னால், கூடையை அவர் காலடியில் கவிழ்த்து, "எங்க, பொறுக்கிக் காட்டுங்க பாப்பம்" என்று நிற்கிறவள் நான். வயது நாற்பத்து மூன்று. இந்த வாயை வைத்துக்கொண்டு வாங்காத பெயர் இல்லை. அதையெல்லாம் பெருமை என்றே நினைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

எங்கள் லயத்தில் ஒட்டினாற்போல் ஆறு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். முன்னால் திண்ணை மாதிரிச் சின்னதாக ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஒரு அறை, பின்னால் அடுப்பு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் இடைவெளி, அப்புறம் தகரம். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் ஆறு வீடும் மோந்து பார்த்துச் சோறு தின்னலாம். ஒருத்தர் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும்.

இப்படி வாழ்கிற சனங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு மேலால் வருவது காதோடு நிற்க வேண்டும். பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது அது கூட வரக் கூடாது. புருசன் பெண்சாதி சண்டை கேட்கும், அழுகை கேட்கும், அதற்கு மேலேயும் கேட்கும். விடிந்ததும் ஒன்றும் கேட்காதவர்கள் மாதிரி "தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று விசாரித்துக்கொண்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போவோம். இருபத்திரண்டு வருசம் நானும் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றினேன். என் வீட்டு அழுகையையும் லயத்துச் சனங்கள் அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

என் வீட்டு அழுகை என்ன என்று கேட்பீர்கள். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து இருபத்தொரு வயதில் அழகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இரவு வேலை. நல்ல மனுசன், பேச்சுக் குறைவு, அவருடைய பங்கையும் சேர்த்து நான் பேசிக்கொள்வேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. ஐந்தாறு வருசத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதை நாங்களே நிறுத்திக்கொண்டோம்.

பேசாவிட்டால் மறந்துவிடுமா? எங்கள் லயத்துக் கிருஷாந்தி வீட்டில் முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது கற்கண்டுத் தட்டை நான் தூக்கிக்கொண்டு போனேன். யாரோ ஒரு கிழவி என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, "நீ உக்காருத்தா, நான் குடுக்குறேன்" என்றாள். மெதுவாகத்தான் வாங்கினாள். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். அன்றோடு பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போவதை விட்டேன். அன்றிலிருந்துதான் இந்த வாயும் நீளமாகிப் போனது. மற்றவர்கள் என்னைப் பற்றி ஒன்று சொல்வதற்குள் நான் அவர்களைப் பற்றி இரண்டு சொல்லிவிடுவேன்.

எனக்கு அடுத்த காம்பராவில் கஜேந்திரன். தாய் தகப்பன் இல்லாத பையன், கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டுகிற வேலை. முன்பு கொட்டகலையில் ஒரு துணிக்கடையில் நின்றபோது அங்கே வேலை செய்த ஜீவராணியை விரும்பிக் கட்டிக்கொண்டான். அவள் வட்டகொடைக்காரி. அவள் வீட்டில் யாருக்கும் இந்தக் கலியாணத்தில் இஷ்டமில்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த பிறகும் அவளுடைய அம்மா வந்து எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஜீவராணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து வந்தொடன ஒரு முப்பது நாளைக்கு ராவுல மட்டும் எங்கூட வந்து படுக்கிறீங்களா? அண்ணனும் ராவுல ஸ்டோருக்குப் போயிருவாருதானே. எனக்குப் பிள்ளையப் பாக்கத் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியும் என்று உனக்கு யாரடி சொன்னது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேலி பண்ண வந்திருக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பாவம், அப்படி ஒன்றும் இல்லை.

"எனக்கு முழங்கா வலி புள்ள. தரையில படுக்க முடியாது" என்றேன்.

முழங்காலும் வலிக்கவில்லை, மண்ணாங்கட்டியும் வலிக்கவில்லை. மலையில் நாள் முழுக்க ஏறி இறங்குகிற கால். அவள் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் முப்பது நாள் தீட்டுக் கழிகிற வரைக்கும் புருசன் இஸ்தோப்பில்தான் படுக்க வேண்டும், உள்ளே ஒரு பொம்பிளை துணைக்கு இருக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். இங்கே துணைக்கு ஆள் இல்லை. அதனால் கஜேந்திரன் உள்ளேயே படுத்தான். வெந்நீர் போட்டான், பத்தியச் சோறு ஆக்கினான், துணியையும் அவனே கசக்கிக் காயப்போட்டான். ஆம்பிளை துணி கசக்குவதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி முதன்முதலாகச் சத்தம் கேட்டது. மழை விட்டிருந்த நேரம். அழகன் வேலைக்குப் போய்விட்டார். நான் தனியாகப் படுத்திருக்கிறேன். சுவருக்கு மேலால் ஒரு முக்கல். கொஞ்சம் பொறுத்து ஒரு முனகல். "ஹ்ம்ம்... ஹூம்... ம்ம்ம்..." பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடினால் மறுபடியும். நடுவில் கஜேந்திரனின் கிசுகிசுப்பு. தகரத்தில் ஒரு வெளிச்சம் விழுந்து அணைந்தது. பிள்ளையின் அழுகை இல்லை. பிள்ளை தூங்குகிறது, பெரியவர்கள் விழித்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சீ! பச்சை உடம்புக்காரி. தையல்கூட இன்னும் காய்ந்திருக்காது. முப்பது நாள் பொறுக்க முடியாதா இந்த ஆம்பிளைக்கு? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சட்டி மூடியை எடுத்துத் தரையில் போட்டேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. அடுத்த ராத்திரியும் அப்படியே. அதற்கடுத்த ராத்திரியும்.

கோபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முழுக்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அது பொறாமை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, ஒரு புருசன், ஒரு பெண்சாதி, ராத்திரியில் ஒரு வெளிச்சம். இந்தப் பக்கம் நானும் என் கம்பளியும். பிள்ளை கிடைத்தது போதாதென்று இதுவும் வேறா என்று வயிறு எரிந்தது. இப்போது சொல்லும்போதும் நாக்குக் கூசுகிறது.

நாலாம் நாள் காலையில் பீலிக்கரையில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். கஜேந்திரன் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"என்னாக்கா, இந்தப் பையன் கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கிருஷாந்தி கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

"ஏன் செவக்காது? பச்ச ஒடம்புக்காரிய ராத்திரி பூரா தூங்க விடாம படுத்துனா செவக்கத்தான் செய்யும்" என்றேன்.

"ஐயையோ! என்னாக்கா சொல்றீங்க? இன்னும் பத்து நாளுகூட ஆகலியே!"

"எனக்கென்னா தெரியும். எங்காதுல கேட்டதச் சொல்றேன். தெனம் ராவுல முக்கலும் மொனகலும். கோழி கூவுனாத்தான் ஓயுது."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி "தூ" என்று துப்பினாள். குடம் நிரம்பி வழிந்தும் யாரும் நகரவில்லை. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். "என்னா மாதிரிச் சத்தம்?" என்று ஒருத்தி கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அதை எப்படிக் கேட்பாள்? கேட்கிற விசயமா அது?

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அது ஆம்பிளைகள் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் கவ்வாத்து மலையில் ஒருவன் கஜேந்திரனைப் பார்த்து, "என்னா மாப்ள, முப்பது நாளு ரொம்ப நீளமா இருக்கோ?" என்று கேட்டானாம். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கேட்டவன் சட்டையைப் பிடித்தானாம். கங்காணி விலக்கிவிட்டார். "தப்புச் செய்யாதவனுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?" என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். அந்த நெருப்பை வைத்தவள் பேசாமல் கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தேன்.

போன் இருக்கிற காலம். வட்டகொடைக்குச் செய்தி போக எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துக்குக் கீழே ரோட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஜீவராணியின் அம்மா இறங்கினாள். பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் அது. இத்தனை நாள் வராதவள், பேரனைப் பார்க்க வரவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள்.

"மனுசனாடா நீ? மாடுகூட கன்னு போட்ட மாட்டுக்கிட்டப் போகாதுடா!" என்று வாசலில் நின்று கத்தினாள். ஆறு காம்பராவும் வெளியே வந்துவிட்டது.

கஜேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அத்தை, நான் என்னா செஞ்சேன்னு சொல்லுங்க."

"அத என் வாயால வேற சொல்லணுமா? லயமே சிரிக்குது!"

என்ன கேட்டது, எப்படிக் கேட்டது என்று அவனுக்கு முன்னால் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் அவனுக்குப் பதில் சொல்லவும் வழியில்லை. "அப்பிடி ஒன்னும் இல்லங்கத்தை" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

"அம்மா, சத்தியமா இல்லம்மா" என்று ஜீவராணி அழுதாள்.

"வெக்கங்கெட்டவளே, நீ வேற அவனுக்கு ஏந்துக்கிட்டுப் பேசுறியா? துணியக் கட்டு!"

இழுபறியில் பிள்ளையை யார் வைத்திருப்பது? ஜீவராணி சுற்றுமுற்றும் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, கொஞ்சம் பிள்ளையப் புடிங்க. இந்தச் சத்தத்துல முழிச்சுக்கிருவான்" என்று என் கையில் கொடுத்தாள். இருபத்திரண்டு வருசத்தில் ஒரு பச்சைப் பிள்ளையை ஒருத்தி தானாக என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் அவனை என் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். பால் வாசம். தலையில் பட்டாணி அளவு ஒரு மச்சம். கழுத்து நிற்காத பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையும் விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஹ்ம்ம்..."

திடுக்கிட்டு வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஹ்ம்ம்... ஹூம்... ம்ம்ம்ம்..."

குனிந்து பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. முகம் சிவந்துபோய், இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, கொழுந்து மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி முக்கினான். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் முக்கினான், முனகினான், நெளிந்தான். விழிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அதே சத்தம். ஒரு இழைகூட மாறாமல் அதே சத்தம். இத்தனை சின்ன உடம்புக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை என்றால் அழும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெளியே அந்தப் பையனை ஜீவராணியின் அம்மா இன்னும் ஏசிக்கொண்டிருந்தாள். என் கட்டிலிலிருந்து வாசலுக்கு ஐந்து எட்டுத் தூரம்தான். எழுந்து போய் "ஏசாதீங்க, அது பிள்ளையோட சத்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் போகவில்லை.

ஏன் என்று கேளுங்கள். நான் போய்ச் சொன்னால், "பிள்ள தூங்குற சத்தங்கூடவாடி ஒனக்குத் தெரியல?" என்று யாராவது கேட்பார்கள். பிறகு ஒருத்தி இன்னொருத்தி காதில் "அவளுக்கு எங்க தெரியும்" என்பாள். அந்த ஒரு பேச்சு என் காதில் விழக் கூடாது என்பதற்காக அவனை ஏச்சு வாங்க விட்டேன். ஜீவராணி உள்ளே வந்து கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்தேன். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ போய்விட்டது.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் சுவருக்கு மேலால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரன் பிள்ளைக்குக் குளிருக்கு ஒரு சின்ன ஜேர்சி வாங்கிக்கொண்டு வட்டகொடைக்குப் போனான். வாசலுக்கு உள்ளே விடவில்லையாம். ஜேர்சியோடேயே திரும்பி வந்தான். அன்றைக்கு ராத்திரி அவன் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது. நானும் என் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டுதான் கிடந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

விடிய அழகன் வேலை விட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை.

"முப்பது என்னைக்கு?"

"வியாழக்கிழம கும்புடுறாங்களாம். அவனக் கூப்புடலயாம்."

"பிள்ளைக்குப் பேரு வைக்க அப்பனக் கூப்புடலயா?" என்றார். கோப்பையைக் கழுவி வைத்தார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நாலு நாளும் என்னோடு அவர் பேசவில்லை.

நான் இரண்டு தடவை கஜேந்திரன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். என்னுடைய வாய்! கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் எகிறுகிற வாய், ஒரு சின்னப் பையன் வாசலில் திறக்க மாட்டேன் என்றது. வியாழக்கிழமை விடியக் காலை மூன்றாவது தடவையாகப் போனேன். அவன் அடுப்பில் உலை வைத்திருந்தான்.

"தம்பி."

"என்னாக்கா?"

"அந்தக் கதைய பீலியில சொன்னது நாந்தாப்பா. ராவுல சத்தம் கேட்டுச்சு. நீங்க ரெண்டு பேருமுன்னு நெனச்சேன். அது பிள்ள சத்தம். அன்னிக்கு எங்கையில கெடந்தப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அவன் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "அன்னிக்கேவா?"

"ம்."

ஏசுவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவன் அப்பிடி முக்குறப்ப எல்லாம் மூச்சு நின்னுருமோன்னு பயம்க்கா எனக்கு. போன் டோர்ச்ச அடிச்சு நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். மிட்வைப் மிஸ்ஸி வந்து, பொறந்த பிள்ளைங்க தூக்கத்துல அப்பிடித்தான் முக்கும், மொனகும், பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. மூச்சுத் தெணறுனா, ஒதடு நீலமா ஆனா மட்டும் ஒடனே தூக்கிட்டு வரச் சொன்னாங்க. அப்பவும் எனக்கு மனசு கேக்கல. ஒரு ராவும் தூங்கல."

அவன் கண் சிவந்திருந்ததற்குக் காரணம் அதுதான். நான் பீலிக்கரையில் கடை விரித்த சிவப்பு.

"வா, வட்டகொடைக்குப் போவோம். நானே சொல்றேன்" என்றேன். அவன் உலையை இறக்கி வைத்தான். சட்டையை மாற்றினான். ஜேர்சியை எடுத்துக்கொண்டான். கொட்டகலையில் ரயில் ஏறினோம். பெட்டியில் இடம் இருந்தும் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை, கதவோரத்தில் போய் நின்றுகொண்டான். வட்டகொடை வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில் பதினைந்து இருபது பொம்பிளைகள். கஜேந்திரன் ரோட்டிலேயே நின்றுவிட்டான். ஜீவராணியின் அம்மா என்னை அடையாளம் கண்டு, "வாங்க வாங்க, பிள்ளையப் புடிச்சிருந்த தங்கச்சிதானே?" என்று பாய் போட்டு, தேத்தண்ணியும் கையில் கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கீழே வைத்தேன். உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, ஒங்க மருமகன் மேல ஒரு குத்தமும் இல்ல. கதைய உண்டாக்குனது நான். ராவுல முக்கல் சத்தம் கேட்டுச்சு, வேற மாதிரி நெனச்சுட்டேன். அது இந்தப் பிள்ள தூக்கத்துல போட்ட சத்தம்."

மூலையிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜீவராணியின் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, வயசு நாப்பதுக்கு மேல இருக்கும். பிள்ள தூங்குற சத்தங்கூடவா தெரியாது?"

இருபத்திரண்டு வருசமாக நான் ஓடி ஒளிந்த கேள்வி அதுதான்.

"தெரியாதுங்கக்கா. எனக்குப் பிள்ள இல்ல. பொறந்த பிள்ள பக்கத்துல ஒரு ராவும் படுத்ததில்ல. பழகப் போயிருக்கலாம். இவ வந்து துணைக்குப் படுக்கக் கூப்புட்டா. முழங்கா வலின்னு பொய் சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அந்த அம்மா கையை ஓங்கினாள், பிறகு என்ன நினைத்தாளோ, தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "நாலு பெத்தவ நானு. என்னா ஏதுன்னு அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே!" என்று ரோட்டைப் பார்க்க ஓடினாள். "உள்ள வாங்க மாப்ள" என்று அவள் குரல் உடைந்து கேட்டது. அப்பன்தான் பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயர் சொன்னான். திலக்ஷன்.

நான் பின்பக்கமாகப் புறப்பட்டேன். ஜீவராணி பிள்ளையோடு எழுந்து வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னிக்குப் பிள்ளைய வாங்கையிலேயே ஒங்க மூஞ்சியப் பாத்தேன்க்கா. ஏதோ ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். ஆட்டோவுல ஏறுற வரைக்கும் நீங்க வெளிய வருவீங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையை என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பீலிக்கரையிலும் சொன்னேன். சொன்ன இடத்தில்தானே சொல்ல வேண்டும். அங்கே இரக்கமெல்லாம் கிடையாது. இன்றைக்கும் நான் குடத்தோடு போனால் யாராவது ஒருத்தி பாரம் தூக்குகிற மாதிரி "ஹ்ம்ம்... ஹூம்..." என்று முக்குவாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

ஒரு வாரத்தில் ஜீவராணியும் பிள்ளையும் லயத்துக்குத் திரும்பி வந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கஜேந்திரன் வெறும் உரச் சாக்குகளைப் பிரித்து, மூன்று நாலு மடிப்பாக ஒன்றோடு ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். முகத்தில் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினான்.

"அக்கா, சுவத்துக்கு மேல இத அடிக்கப் போறேன். ஒங்க பக்கத்துலேருந்து கொஞ்சம் இழுத்துப் புடிச்சுக்கிறீங்களா?"

நான் கட்டிலில் ஏறி நின்று சாக்கின் நுனியை இழுத்துப் பிடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அவன் ஆணி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் சாக்கு என் கையில் அதிர்ந்தது. அவர்கள் வீட்டு வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டே வந்தது. கடைசி மூலைக்கு வந்தபோது, "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிங்கக்கா" என்றான். இறுக்கிப் பிடித்தேன்.

அன்றைக்கு ராத்திரி அழகன் வேலைக்குப் போன பிறகு மறுபடியும் கட்டிலில் ஏறி நின்று, சாக்கில் காதை வைத்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்று இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.